அறுநூற்றுப் பன்னிரண்டு

மெஷினில் சுற்றி எடுத்த குழாயை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள் சுமையா.
அடியில் சிவப்பு. மேலே நிற்கவேண்டியது
வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீராம்.
எனக்கு நின்றது பால்,
தேங்காயின் முதற்பால் மாதிரித் தடிப்பாக.
"இரவு ஏதும் சாப்பிட்டனீங்களோ?"
"பன்னிரண்டு மணித்தியாலம் பச்சைத்தண்ணி மட்டும்தான், பிள்ளை."
குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
பிறகும் குழாயைத்தான் நம்பினாள்.

சீனக்குடாவிலிருந்து பவுசர் ஓட்டுகிறவன் நான்,
பத்தொன்பது வருஷம்.
எந்த அறையில் எத்தனை லீற்றர் டீசல்
என்று கம்பி விட்டு அளந்து சொல்லுவேன்.
எனக்குள் இதுவரை
ஒருத்தரும் கம்பி விட்டதில்லை.

"ட்ரைகிளிசரைட் அறுநூற்றுப் பன்னிரண்டு" என்றார் டொக்டர்.
"ஆட்டிறைச்சி நான் தொடுறதில்லை, பொரியலும் குறைவு"
என்று வாதாடினேன்.
அவர் கேட்டது வேறு கணக்கு.
பிளேன்ரீக்கு எத்தனை கரண்டி சீனி?
மூன்று.
நாளுக்கு எத்தனை பிளேன்ரீ?
டிப்போவில் ஐந்து, ஹபறணையில் இரண்டு,
வீட்டில் எண்ணுவதில்லை.
இரவுக்கு?
பாண், அரை றாத்தல். சில நாள் கொத்து.
சாராயம்?

நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன்.
ரிப்போர்ட் என்னைப் பார்த்தது.

மிஞ்சிய சீனியும் மாவும் சாராயமும்
ஈரலுக்குள் போய்க் கொழுப்பாகி
இரத்தத்தில் இறங்குமாம்.
சீனியிலிருந்து எண்ணெய்!
ஒரு சுத்திகரிப்பு ஆலையே
சம்பளம் கேட்காமல், ஹர்த்தாலுக்கும் மூடாமல்
என் விலாவுக்குக் கீழே ஓடியிருக்கிறது.

டிப்போவுக்குப் பின்னால் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் யுத்தகாலத்தில் கட்டிய தாங்கிகள்.
துரு தின்ற இரும்பில் ஆலங்கன்று வேர்விட்டு
மேலே குரங்குக் குடும்பம் பேன் பார்க்கும்.
கப்பல்கள் வருமென்று நிரப்பி வைத்தவை.
நானும் அப்படித்தான்.
வராத கப்பலுக்கு
இரவிரவாக ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"ஐந்நூறைத் தாண்டினால் கணையம் கவனம்" என்றார்.
"அது வீங்கினால் வயிற்றுக்குள் நெருப்பு."
இதை அவர் எனக்கு விளக்கத் தேவையில்லை.
எங்கள் வாசலில் மும்மொழியிலும் எழுதியிருக்கிறது:
தீப்பற்றும், எச்சரிக்கை.
அதன் கீழே நின்றுதான் தினமும் தேத்தண்ணி குடித்தேன்.

ஒரு குளிசை எழுதித் தந்தார்.
யோகமலர் சீனிப் போத்தலை ஒளிக்கவில்லை,
என் முன்னால் மேசையில் வைத்தாள்.
"களவெடுக்கிறதெண்டால் எனக்குத் தெரிய எடுங்கோ."
அந்த ஒரு வசனம் குளிசையை விடக் கசப்பு.

சூடையும் சாளையும் இப்போது பொரியலில்லை,
புளி விட்ட தீயல்.
சோற்றுக் கோப்பை சிறுத்தது. பாணும் போனது.
விடிய ஐந்துக்கு டச்சுக்குடாக் கரையில் நடக்கிறேன்.
கோட்டை வாசலடியில் மான்கூட்டம்.
யாரோ பணிஸ் எறிய, கொம்பன் ஒன்று
ஓடிவந்து கடதாசியோடு விழுங்கிற்று.
"உனக்கும் ஒருக்கால் இரத்தம் பார்க்கவேணும்" என்றேன்.
அது மென்றபடி என் வயிற்றைப் பார்த்தது.

பாலையூற்றில் அந்தோனிப்பிள்ளையின் மகனுக்குக் கலியாணம்.
அங்கே இரண்டு கிளாஸ்.
சரி, மூன்று.
பேனை எடுத்த டொக்டரிடம் மூன்றென்றே சொன்னேன்.
பொய் சொல்ல வசதியில்லாத வியாதி இது,
குழாய் பேசிவிடும்.

மூன்று மாதத்தில் முந்நூற்றுப் பத்து.
சுமையா வெளிச்சத்தில் பிடித்தாள்:
பால் இல்லை,
அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர்.
"இன்னும் தெளியவேணும், அங்கிள்."
நூற்றைம்பதுக்குக் கீழே என்பது
கந்தளாயிலிருந்து கொழும்பைப் பார்ப்பது போலிருக்கிறது.
ஆனால் தூரம் ஓடுவதுதானே என் தொழில்.

நேற்று ஹபறணையில் கடைப்பெடியன்
பழக்கதோஷத்தில் மூன்று கரண்டி போட்டுவிட்டான்.
ஒரு மிடறு குடித்தேன்.
எவ்வளவு நல்லாயிருந்தது!
மிச்சத்தை வீதியோரப் புல்லில் ஊற்றிவிட்டு
எறும்பு வரமுன்
பவுசரை எடுத்தேன்.